தட்டுவடை செட், மைக் செட், அஞ்சு நிமிட செட்: சேலத்தில் சிரிப்பு மேடை ஏறுகிறவர்களுக்கு

சேலத்தில் செட் என்றால் மூன்று அர்த்தம். சாயங்காலம் தள்ளுவண்டியில் கிடைப்பது தட்டுவடை செட். மண்டபத்து வாசலில் ஒயர் இழுத்துக் கட்டுவது மைக் செட். மூன்றாவது, ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறவர்கள் சொல்லும் செட்: ஒற்றை ஆளாக மேடையில் நின்று பேசும் அந்த ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. முதல் இரண்டும் ஊருக்கே தெரியும். மூன்றாவதைப் பற்றி அடிக்கடி யாராவது போன் செய்து கேட்கிறார்கள். "அண்ணா, நான் பேசினா பிரண்ட்ஸ் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. இத எங்க போய் ஆரம்பிக்கிறது?" ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பிரபலம் இல்லை. பகலில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், ஒன்பது வருடமாக மாலை நேரங்களில் மேடை ஏறுகிறேன். அதனால் இதில் பெரிய ஆள் ஆவது எப்படி என்பதெல்லாம் இருக்காது. முதல் ஒரு வருடத்தை எப்படித் தாண்டுவது என்பது மட்டும் இருக்கும்.

முதலில் ஊர் நிலவரம்

லண்டனில் காமெடி ஸ்டோர் என்ற கிளப்பை 1979-இல் திறந்தார்கள். அதன் பிறகு அங்கே நாடு முழுக்கக் கிளப்புகள் வந்து, ஒரு காமெடியன் இன்றைக்கு ஒரு கிளப், நாளைக்கு இன்னொன்று என்று சுற்றியே பிழைக்கலாம் என்றானது. சென்னையிலும் பெங்களூருவிலும் சின்ன அளவில் அப்படி ஒரு சுற்று இருக்கிறது. சேலத்தில் வாராவாரம் நம்பிப் போக ஓர் இடம் கிடையாது. எப்போதாவது ஒரு காபிக் கடை மாடியில் ஓபன் மைக், அதாவது யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஏறிப் பேசும் மேடை, நடக்கும், நான்கு மாதத்தில் நின்றுவிடும்.

ஆனால் மைக்குக்குப் பஞ்சமே இல்லாத ஊர் இது. கல்யாண வரவேற்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்லூரி விழா, கம்பெனி ஆண்டு விழா, ரோட்டரி, லயன்ஸ் பதவியேற்பு, கோயில் திருவிழா, ஏற்காட்டு ரிசார்ட். இங்கெல்லாம் காமெடியனைத் தேட மாட்டார்கள், தொகுப்பாளரைத் தேடுவார்கள். காம்பியர் என்பார்கள், ஆங்கர் என்பார்கள். அந்த வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காமெடியை அதற்குள் நுழைத்துக்கொள்ளலாம்.

"நான் ஆர்ட்டிஸ்ட், பேர் கூப்பிடுற வேலைக்கா வந்தேன்?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். நம் பக்கத்துக் கூத்தைப் போய்ப் பாருங்கள். கட்டியங்காரன் என்ன செய்கிறான்? வேஷம் கட்டியவர்களை அறிமுகம் செய்கிறான், தூங்குகிறவனை எழுப்புகிறான், ராஜாவையே கிண்டல் செய்கிறான், நடுவில் உள்ளூர் விஷயத்தைச் சொருகுகிறான். விடிய விடிய அவன்தான் கூட்டத்தைக் கட்டி இழுக்கிறான். தொகுப்பாளர் என்பவர் அவனுடைய பேரன்தான்.

ஐந்து நிமிடம் எழுதுவது

தொகுப்பு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சொந்தமாக ஐந்து நிமிடம் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம், தொலைக்காட்சியில் பார்த்ததும் வேண்டாம். நீங்கள் தொடங்குவதற்குள் முன்வரிசை முடித்துவிடும்.

மிமிக்ரியைப் பற்றி ஒரு வார்த்தை. விஜய் டிவியில் 2005-இல் கலக்கப்போவது யாரு வந்த பிறகு, சிரிக்க வைப்பது என்றாலே நாலு நடிகர் குரல் என்று நம் ஊரில் ஆகிவிட்டது. தவறில்லை, வரவேற்பு மேடையில் அது நன்றாகவே எடுபடும். ஆனால் மிமிக்ரிக்குக் கைதட்டல்தான் அதிகம், சிரிப்பு குறைவு. கைதட்டல் அந்த நடிகருக்குப் போய்விடும். உங்கள் குரலில் உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி வாங்கும் சிரிப்பு உங்களிடமே தங்கும்.

எழுதும் முறைக்கு ஒரு உதாரணம் காட்டுகிறேன். நான் முதலில் எழுதிய ஜோக் இப்படி இருந்தது:

"எங்க ஊர்ல பாத்தீங்கன்னா மூணு ரோடு, நாலு ரோடு, அஞ்சு ரோடுன்னு இடங்களுக்கே பேரு. வெளியூர்ல இருந்து வந்த என் நண்பன் ஒருத்தனுக்கு நான் வழி சொன்னேன். ஆனா அவன் மூணையும் கூட்டி பன்னெண்டு ரோடு நடந்துட்டு, எனக்கு போன் பண்ணி, ரொம்ப கோவமா, இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டான்."

சிரிப்பு எங்கே வர வேண்டும்? "பன்னெண்டு" என்ற சொல்லில். அது நடுவில் புதைந்து கிடக்கிறது. அதற்குப் பிறகு நான் ஒரு முழ நீளம் பேசுகிறேன். கூட்டம் சிரிக்கலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் வாக்கியம் முடிந்துவிடும். அதோடு "மூணையும் கூட்டி" என்று கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன். அந்தக் கூட்டலை அவர்கள் மனசுக்குள் போட்டால்தான் சிரிப்பு. ஆறேழு முறை மேடையில் அடி வாங்கிய பிறகு இப்படி ஆனது:

"நண்பனுக்கு வழி சொன்னேன். மூணு ரோட்டுல இறங்கு, நாலு ரோடு தாண்டு, அஞ்சு ரோட்டுல நில்லு. ஒரு மணி நேரம் கழிச்சு போன். 'டேய், எண்ணிட்டேதான்டா வரேன். பன்னெண்டு.'"

சிரிப்பு அடங்குகிற நேரத்தில் ஒரு சின்ன ஒட்டு: "நல்லவேளை, குரங்குச்சாவடிய நான் சொல்லல." குரங்குச்சாவடியும் இங்கே ஓர் இடத்தின் பெயர்தான். இந்த ஒட்டுக்கு டேக் என்று பெயர். புதிய கதை எதுவும் சொல்லாமல் இன்னொரு சிரிப்பு கிடைக்கும். இதே ஜோக்கைக் கோயம்புத்தூரில் சொல்லும்போது, இவை நிஜமான இடப்பெயர்கள் என்று முன்னால் ஒரு வரி சேர்க்கிறேன். அவ்வளவுதான் மாற்றம்.

தட்டுவடை செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு தட்டை, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி, மேலே இன்னொரு தட்டை. உங்களிடம் இருப்பதில் மிகவும் மொறுமொறுப்பான இரண்டு ஜோக்கை மேலும் கீழும் வையுங்கள், அதாவது தொடக்கத்திலும் முடிவிலும். கொழகொழப்பானவை நடுவில் கிடக்கட்டும். ரொம்ப நேரம் வைத்திருந்தால் செட் நமுத்துப்போகும் என்பது காமெடிக்கும் பொருந்தும். ஐந்து நிமிடம் கொடுத்தால் நான்கு நிமிடத்துக்கே எழுதுங்கள். மீதி சிரிப்புக்கு. சிரிப்பு வராவிட்டால் சீக்கிரம் இறங்கலாம், அதுவும் லாபம்தான்.

பேசுவதை போனில் பதிவு செய்து கேளுங்கள். கேட்கவே முடியாது, அருவருப்பாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள். "ஆக்சுவலா", "பாத்தீங்கன்னா" எத்தனை முறை என்று எண்ணினாலே பாதி எடிட்டிங் முடிந்துவிடும்.

அப்புறம், வீட்டில் சொல்லிப் பார்க்காதீர்கள். அம்மா சிரித்தால் அது பாசம், அப்பா சிரிக்காவிட்டால் அது மாதச் சம்பளக் கவலை. இரண்டுமே அளவுகோல் ஆகாது.

பஸ் ஏறுவது

சேலத்துக்கு ஒரு வசதி உண்டு. பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர், கோயம்புத்தூர் அதைவிடக் குறைவு, சென்னை ஓர் இரவு ரயில். மாதம் ஒரு முறையாவது இதில் ஏதாவது ஓர் ஊர் ஓபன் மைக்குக்குப் போய் வாருங்கள். பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் படிவம் போடுவார்கள், பெயர் கொடுத்தால் நான்கைந்து நிமிடம் கிடைக்கும். பதிவுக் கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு, முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போனால் முதலிலிருந்து கடைசி வரை உட்காருங்கள். தன் ஐந்து நிமிடம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவரை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். பின்னால் இருந்து யாராவது விளக்கைக் காட்டினால் நேரம் முடியப்போகிறது என்று அர்த்தம், பேசிக்கொண்டிருக்கிற ஜோக்கை முடித்து இறங்குங்கள். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே உங்கள் பெயர் ஞாபகம் இருக்கும்.

முதல் பத்து முறையில் ஏழு முறை மொக்கையாகத்தான் போகும். எனக்கு ஒன்பது.

மைக்கைக் கையில் வாங்கியதும்

தொகுப்பு வேலையில் சிரிப்பு இரண்டாவது. முதலாவது பெயர். பத்திரிகையில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள், போனில் வந்த பட்டியலையும் நம்பாதீர்கள். விழா வீட்டில் பொறுப்பான ஒருவரைப் பிடித்து, அவர் வாயால் ஒவ்வொரு பெயரையும் சொல்லச் சொல்லி, உங்கள் கையால் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யார் தலைமை, யார் முன்னிலை, யார் வாழ்த்துரை என்ற வரிசையையும் அவரிடமே கேளுங்கள். ஒரு சித்தப்பாவின் பெயர் விட்டுப்போனால் உங்கள் அத்தனை ஜோக்கும் காலி.

இதை நான் கற்றுக்கொண்ட விதம்: இரண்டு அரங்கு உள்ள ஒரு மண்டபம், கீழேயும் மேலேயும் வரவேற்பு. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை அப்படியே படித்தேன். "இதோ நம் மணமகன்" என்று கம்பீரமாக நான் சொன்ன பெயர் மாடியில் நடக்கும் கல்யாணத்து மாப்பிள்ளையுடையது. அன்றைக்கு வந்த சிரிப்பைப்போல் இன்று வரை நான் வாங்கியதில்லை. பெண்ணின் தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. பணம் கொடுக்க வேண்டியவர் அவர்தான். கொடுக்கவில்லை.

இரண்டாவது, மைக் செட் அண்ணன். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எந்த இடத்தில் நின்றால் மைக் கூவும், எந்த ஸ்பீக்கர் கரகர என்கிறது, கரன்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை நிமிடத்தில் வரும் என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். மைக்கைத் தட்டிப் பார்க்காதீர்கள், ஊதாதீர்கள், அவருக்குக் கோபம் வரும். பேசிப் பாருங்கள். மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடித்தால் குரல் அமுங்கும், கூவலும் வரும். தண்டைப் பிடித்து, முகவாய்க்குச் சற்றுக் கீழே வைத்துப் பேசுங்கள்.

ஒருவரை மேடைக்கு அழைக்கும்போது பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். "இன்னிசை வழங்க வருகிறார்" என்று முதலில் சொல்லிவிட்டு, பெயரோடு முடித்தால் கைதட்டல் தானாக எழும். பெயரை முதலில் சொல்லிவிட்டு விளக்கம் கொடுத்தால் கைதட்டல் பாதியிலேயே செத்துவிடும். வருகிறவரைப் பற்றி "இவர் செம காமெடி, வயிறு வலிக்கும்" என்று ஏற்றிவிடவும் கூடாது. அந்தக் கடனை அடைப்பது அவர் தலையில் விழும்.

சும்மா நிற்கும் நேரத்துக்கு மூன்று நிமிடச் சரக்கு எப்போதும் பையில் இருக்கட்டும். பொன்னாடை கொண்டுவரப் போனவர் திரும்ப மாட்டார், சிறப்பு விருந்தினர் ஐந்து ரோட்டு நெரிசலில் நிற்பார், பெண் அலங்காரம் முடியாது. உங்கள் ஐந்து நிமிடச் செட்டைச் சோதிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. யாரும் உங்களிடம் சிரிப்பை எதிர்பார்க்காத நேரம் அது. நான் என் ஜோக்குகளில் பாதியை இப்படித்தான் பழுக்க வைத்தேன்.

கிண்டல் யாரை? மாப்பிள்ளையின் நண்பர்களைத் தாராளமாக. போட்டோகிராபரை, கொஞ்சம். பெண்ணின் நிறம், உடம்பு, வயது, சீர்வரிசை, யாருடைய சாதி, இவற்றின் பக்கமே போகாதீர்கள். கல்யாண வீட்டில் சிரிப்பவர்கள் எல்லாரும் மறுநாள் வரை அதையே பேசுவார்கள், சிரிக்காத ஒருவர் பத்து வருடம் பேசுவார். இதில் மரியாதை மட்டும் இல்லை, சட்டமும் இருக்கிறது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுவில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவதும், வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவதும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றம்தான். ஸ்டாண்ட்-அப் காமெடியன் முனவர் ஃபரூக்கி, மத உணர்வைப் புண்படுத்தினார் என்ற புகாரில் 2021 ஜனவரியில் இந்தூரில் கைதாகி, ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகுதான் உச்ச நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது. பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லுங்கள்.

வருடக் கணக்கு

வேலை எந்த மாதம் வரும் என்று தெரிந்தால் கைக்காசைத் திட்டமிடலாம். தையில் கல்யாணம் தொடங்கும், ஜனவரி முதல் மார்ச் வரை கல்லூரி விழாக்கள். மே மாதம் ஏற்காடு கோடை விழா, ரிசார்ட்டுகள் நிரம்பும். வைகாசியில் மறுபடி கல்யாணம். ஜூலை 1-ஆம் தேதி ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் புது வருடம் பிறக்கிறது, அதையொட்டி வரிசையாகப் பதவியேற்பு விழாக்கள். இந்த மேடையைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. ஒரே அறையில் ஊரின் தொழிலதிபர்கள், டாக்டர்கள், பள்ளித் தாளாளர்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒழுங்காகப் பேசினால் அந்த வருடத்தின் ஆண்டு விழாக்கள் பாதி உங்களைத் தேடி வரும்.

ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் கோட்டை மாரியம்மன் திருவிழா, குகையில் வண்டி வேடிக்கை என்று ஊரே தெருவில் இருக்கும். வேலை இல்லாவிட்டாலும் போய் நில்லுங்கள். சாமி வேஷம் போட்டவர் ஜோடித்த வண்டியில் அசையாமல் நிற்க, கீழே அவர் மனைவி "ஏங்க, பாப்பாவுக்கு கை காட்டுங்க" என்று கத்துவதைக் கேட்டால் உங்கள் நோட்டு தானாக நிரம்பும். ஆவணியில் கல்யாணம் திரும்பும். மார்கழி மந்தம். டிசம்பர் 31 மட்டும் ஏற்காட்டில் எல்லாருக்கும் வேலை உண்டு.

நீங்களே ஓபன் மைக் நடத்துவதானால்

எண்பது நாற்காலி போடாதீர்கள். இருபத்தைந்து போதும், நெருக்கிப் போடுங்கள். நாற்பது பேர் எண்பது நாற்காலியில் சிதறி உட்கார்ந்தால் சிரிப்பு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவாது. இருபத்தைந்தில் இருபது பேர் என்றால் அறை நிறைந்ததுபோல் இருக்கும். பேசுகிறவர் மேல் வெளிச்சம், கூட்டத்தின் மேல் இருட்டு. மின்விசிறிச் சத்தத்தைக் கவனியுங்கள், மே மாதச் சேலத்தில் அதை நிறுத்தவும் முடியாது, ஆகவே மைக் கட்டாயம். நிகழ்ச்சி நடக்கும்போது மிக்சி ஓட்டக் கூடாது என்று கடைக்காரரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். சாத்துக்குடி ஜூஸ் சத்தத்தில் போன ஜோக்குகளை நான் எண்ணுவதில்லை.

தொகுப்பவர் முதல் ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டு கூட்டத்தைச் சூடாக்க வேண்டும். ஒருவர் மொக்கை வாங்கி இறங்கினால், மேடைக்குப் போய் அவரைக் கேலி செய்யாதீர்கள். அரை நிமிடம் கூட்டத்தோடு பேசி அறையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். ஆறிலிருந்து எட்டுப் பேர், மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியட்டும். மொட்டை மாடி, தோட்டம் போன்ற திறந்த இடம் என்றால் ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் அது கூடாது.

பணம்

என் முதல் நிகழ்ச்சிக்கு 500 ரூபாயும் ஒரு பொன்னாடையும் கிடைத்தது. இப்போதும் சிலர் பொன்னாடையோடு நிறுத்தப் பார்க்கிறார்கள். தேதி, நேரம், எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, இவற்றை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். பாதி முன்பணம். மீதியை நன்றியுரைக்கு முன்னால் கேளுங்கள், பந்திக்குப் பிறகு யாரும் கையில் சிக்க மாட்டார்கள்.

ஏற்காடு மேலே போகும்போது

மலைமேல் கூட்டம் வேறு. ரிசார்ட்டில் ஒரு குடும்பம் பெங்களூருவில் இருந்து வந்திருக்கும், ஒன்று ஈரோடு, ஒன்று சென்னை. ஒரு டிசம்பர் 31 இரவு, கேம்ப் ஃபயர் பக்கத்தில் என் பன்னெண்டு ரோடு ஜோக்கைச் சொன்னேன். பனி விழும் சத்தம்கூடக் கேட்டது. முன்னால் இருந்த பாட்டி கன்னடத்தில் பேத்தியிடம் ஏதோ கேட்டார், பேத்தி தோளைக் குலுக்கினாள். அங்கே எல்லாருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு. அன்றைக்குத்தான் எல்லாரும் அதில் ஏறி வந்திருக்கிறார்கள். "ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போர்டு வெச்சிருக்காங்களே, எதுக்கு தெரியுமா? வாந்தி எடுக்கிறவர், பின்னாடி வர்ற கார்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு போன் பண்ணி, 'நான் பதினாலுல இருக்கேன்'னு சொல்றதுக்கு." தமிழ், கொஞ்சம் கன்னடம், மீதி நடிப்பு. பாட்டிதான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு மலையில் எங்கே பேசினாலும், கூட்டம் அன்று பகலில் என்ன செய்தது என்று விசாரித்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறேன். படகு விட்டார்களா, பகோடா பாயின்ட் போனார்களா, குரங்கு எதைப் பிடுங்கியது.

இரவு குளிரில் கார்ட்லெஸ் மைக்கின் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று செல்லைச் சட்டைப் பையிலேயே வையுங்கள். நிகழ்ச்சி முடிய நள்ளிரவு ஆகும், பனிமூட்டத்தில் பைக்கில் இறங்காதீர்கள். தங்க இடம் கொடுப்பார்களா என்பதைத் தொகை பேசும்போதே பேசிவிடுங்கள். கோடை விழா நாட்களில் ஏறுவதற்கு அடிவாரம் சாலை, இறங்குவதற்குக் குப்பனூர் சாலை என்று ஒருவழி ஆக்குவார்கள். இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். பஸ்ஸில் போகிறவர்கள், வழியில் நோட்டைத் திறந்து செட்டைப் படிக்க வேண்டாம். நான் ஒரு முறை படித்துக்கொண்டே ஏறினேன். பதினாலில் இறங்க வேண்டியதாயிற்று.